இரண்டு பேருந்துகளுக்கு ஒரு வினாத்தாள்

துபாயிலிருந்து திரும்பிய என் தங்கை மகள், பேட்டையில் நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதினாள். திருத்தியது நான்தான். மாமன் சலுகை காட்டினான் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்று வழக்கத்தைவிடக் கறாராக இருந்தேன். விடைகள் எல்லாம் சரி. ஆனால் சூத்திரம் இல்லை, படிநிலை இல்லை. தான் எப்படி யோசித்தாள் என்று நாலு வரி கதை எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போனேன். தேறவில்லை.

"எட்டாங்கிளாஸ்ல போட்ருவோம் வே," என்றார் தலைமையாசிரியர். பிள்ளைக்கு ஒரு வருடம் போகிறதே என்று தங்கை அழுதாள்.

"அங்க இப்படித்தான் மாமா எழுதச் சொல்லுவாங்க," என்று மருமகள் ஒரு தாளை நீட்டினாள். பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்விகளைக் கொடுத்து ஒப்பிடும் தேர்வின் மாதிரித்தாள். பின்பக்கம் திருத்துவதற்கான குறிப்பும் இருந்தது.

ஒரு பேருந்து தினமும் பத்து நிமிடம் தாமதம். இன்னொன்று சில நாள் சரியான நேரத்துக்கு வரும், சில நாள் இருபத்தைந்து நிமிடம் காக்க வைக்கும். ஐந்து நாள் விவரம் கொடுத்து, எதில் பள்ளிக்குப் போவாய், ஏன் என்று கேட்டிருந்தார்கள். நான் சட்டென்று சராசரி கண்டேன். இரண்டுக்கும் பத்து. 'இரண்டும் சமம்' என்று எழுதிக் கட்டம் கட்டிவிட்டுப் பெருமையாகக் குறிப்பைப் புரட்டினேன்.

சராசரியோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண். எந்தப் பேருந்தைச் சொன்னாலும், காரணம் விவரத்தோடு பொருந்தினால் முழு மதிப்பெண். எதிரெதிரான இரண்டு விடைகள், இரண்டும் சரி! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தினமும் சீவலப்பேரி டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவன் நான். அந்தக் காத்திருப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"தெனமும் லேட்டா வர்ற பஸ்ஸுதான் மாமா நல்லது. பத்து நிமிஷம்னு தெரிஞ்சா நானும் பைய கெளம்புவேன்லா," என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

மறுநாள் தலைமையாசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவரும் சராசரி கண்டு, கட்டம் கட்டி, "என்ன வே, இது சின்னப் பிள்ளையள் கணக்குல்லா," என்றார். குறிப்பைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு அவளுடைய விடைத்தாளை வாங்கி, நான் ஒன்று போட்டிருந்த இடங்களையெல்லாம் பொறுமையாக வாசித்தார். சேர்க்கைப் படிவத்தில் எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினார்.

பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார்.

"இத்தன வருஷத்துல எத்தன பிள்ளையள இப்படி ஃபெயிலாக்கிருப்போம் வே?"

இருபத்திரண்டு வருடமாகத் திருத்துகிறவன் நான்.