படங்களைச் சேர்த்துவைத்த பேச்சியக்கா

பேச்சியக்கா வரும் பஸ்ஸுக்காகப் புதியம்புத்தூரில் ஒரு காலி மனையில் காத்து நின்றேன். செல்வி என்பவர் தையல் கூடம் கட்டப்போகும் இடம் அது. அடுத்த மனை அவருடைய கணவரின் அண்ணன் சுடலைமுத்துவுக்குச் சொந்தம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். கட்டும் சுவர் ஒரு சாண் அந்தப் பக்கம் போனாலும் பிறகு கோர்ட்டுதான். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாகிவிட்டது. தோண்டும் மிஷினும் வந்துவிட்டது. "நான் வாரதுக்குள்ள மண்ணுல கை வச்சிராதீங்க தம்பி" என்று அக்கா முந்தின நாள் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் அவருடைய கணவர் போன் செய்தார். "தம்பி, அவ போயிட்டா. காலைல நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட தாங்கல" என்றார். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு அக்காவின் ஊரான கோவில்பட்டிக்குப் புறப்பட்டேன்.

எங்கள் டிராயிங் ஆபீஸைத் தெரிந்த யாருக்கும் அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கட்டடத்துக்கு நிலத்தின் அளவை ஒருவர் வரைவார், சுவர்களை ஒருவர், அஸ்திவாரத்தை ஒருவர், கரண்டு வேலையை ஒருவர். ஆளுக்கொரு ஃபைல். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே படமாக்குவது அக்காவின் வேலை. பட்டனைத் தட்டினால் சேர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சேரத்தான் செய்யும். எது எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் வம்பே இருக்கிறது.

ஒருமுறை எங்கள் முருகேசன், மற்றவர்கள் மில்லிமீட்டரில் வரைந்திருப்பது தெரியாமல், தன் பங்கான சுவர்களை மீட்டரில் வரைந்து கொடுத்துவிட்டான். சேர்த்ததும் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முழுவதும் திரையிலிருந்து மாயமாகிவிட்டது. தேடோ தேடென்று தேடினால், ஒரு மூலையில் எள்ளளவு புள்ளியாக அது கிடக்கிறது. ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "உள்ள ஆளுக இருந்தா மெதுவாப் பெருசாக்குங்க அக்கா" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏலே, இது காணாமப் போச்சு, அதனால தேடுனோம். ஒரு சாண் தள்ளி உக்காந்திருந்தா யாருலே தேடியிருப்பா?" என்றார். முருகேசன் அன்று முழுக்க அவர் கண்ணில் படாமலே திரிந்தான்.

எப்போதும்வென்றான் என்ற ஊரில் பயறு சேமிக்கும் கிட்டங்கி ஒன்றின் வேலை நடந்தது. நிலத்தைக் கோடையில் ஒருவர் அளந்து வரைந்திருந்தார். கட்டடத்துக்கு மழைக்குப் பிறகு இன்னொருவர் போய், அதே எல்லைக் கற்களிலிருந்து அளந்து வந்தார். இரண்டு படத்தையும் சேர்த்தால் ஒரு மூலை பொருந்துகிறது, எதிர்மூலை பொருந்தமாட்டேன் என்கிறது. கொஞ்சம் இழுத்து ஒட்டவைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். "கோட்டை இழுத்தா வந்துரும். கரிசல் வருமா?" என்று கேட்டுவிட்டு அக்கா பஸ் ஏறிப் போய்விட்டார். நானும் கூடப் போனேன். நிலத்துக்காரர், "கல்லு எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கனதான நிக்கி" என்று சாதித்தார். அக்கா கல்லின் ஓரத்தில் குனிந்து, மழைக்குப் பின் மண் காய்ந்து அதை ஒட்டி மறுபடி விழுந்திருந்த வெடிப்புக்குள் கையை விட்டுக் காட்டினார். முழங்கை வரை உள்ளே போயிற்று. கோடையில் பிளந்தும் மழையில் உப்பியும் கரிசல் அந்தக் கல்லைச் சாய்த்திருந்தது. பிறகு பாறைமேல் கட்டிய கோயில் மேடையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக அளந்தோம்.

அதற்குப் பிறகு ஆபீஸில் ஒரு சட்டம் வந்தது. அசையாத ஒரு பொருளை, அது பாறையோ பாலமோ, எல்லோரும் தங்கள் படத்தில் குறிக்க வேண்டும். அந்த இடத்தை வைத்துத்தான் படங்கள் சேரும். மனைக்குப் போய் அளந்து பார்த்தால்தான் அக்கா அதன்மேல் சிவப்பில் ஒரு குறி வைப்பார். சிவப்பு விழாத படத்தை நம்பி யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது.

கோவில்பட்டியில், சாவுக்கு வந்தவர்களால் நிறைந்திருந்த துஷ்டி வீட்டில், அக்காவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "படம் சேக்குத அன்னைக்கெல்லாம் அவளுக்குத் தூக்கம் கெடயாது தம்பி. டாக்டர் இந்த வேலையே வேண்டாம்னாரு. 'நான் பயப்படலைன்னா வேற யாரு பயப்படுவா'ன்னு என்னையக் கேக்கா." நாங்களெல்லாம் நன்றாகத் தூங்கினோம். அதை நினைக்கையில் எனக்கு அழுகை வந்தது.

துக்கம் முடிந்து ஆபீஸுக்கு வந்து செல்வியின் படத்தைத் திறந்தேன். எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்திருந்தன. சிவப்புக் குறி மட்டும் இல்லை. உடனே மனைக்குப் போனேன். "மிஷின்காரன் வேற ஊருக்குப் போயிருவேங்கான் அண்ணாச்சி. அக்காதான் படத்தை முடிச்சிட்டாவல்லா?" என்று செல்வி அவசரப்பட்டார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுடலைமுத்து, செல்வியைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினார்.

"அந்தம்மா சாகுததுக்கு முந்தின நாளு சாயந்திரம் தனியா வந்தாவ. டேப்போட ஒரு நுனிய நான்தான் பிடிச்சேன். அந்தா தெரியுத ரோட்டுப் பாலத்துல இருந்து எல்லைக்கல்லு வரைக்கும் அளந்தாவ. வேர்த்து ஊத்துச்சு, உக்காந்துட்டாவ. தண்ணி குடுத்தேன். 'கல்லு சரியில்லையா, நான் சரியில்லையான்னு தெரியல. காலைல வந்து திரும்ப அளக்கேன்'னுட்டுப் போனாவ."

இது எங்கள் யாருக்கும் தெரியாது.

பாலத்திலிருந்து மறுபடி அளந்தோம். டேப்பின் ஒரு நுனியைச் சுடலைமுத்து பிடித்தார். மறுநுனியைப் பிடிக்கச் செல்வியே வந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கல்தான் சரியில்லை. அதை நம்பிப் போட்ட கோட்டில் சுவர் ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுடலைமுத்துவின் மனைக்குள் விழுந்திருந்தது. சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்து, நகர்த்திப் போட்டோம். "இப்பத் தோண்டலாமா?" என்றார் செல்வி. இன்னொரு தடவை அளந்துக்கிடுதேன் என்றேன். அவர் முகம் சுளித்தார். சுடலைமுத்து டேப்பின் நுனியை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தார்.

இரண்டாம் அளவும் ஒத்து வந்தது. தோண்டச் சொன்னேன். முதல் மண் வெளியே விழுந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதை எழுதும்போதும் முழுதாக அடங்கவில்லை. பேச்சியக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான். அவரோடு வேலை பார்த்த நீங்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை காலம் நம் எல்லோருக்குமாகச் சேர்த்து அவர் ஒருவரே பயந்துகொண்டிருந்தார்.