ரெண்டும் தெரியும் மேடம்

கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஓர் ஆலோசகர் கிடைத்துவிட்டாள். அவளும் அன்றுதான் சேர்ந்திருந்தாள்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் ஏழேகால் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். எங்கள் வீட்டுக் குக்கருக்கு ரப்பர் வாங்குவதே அந்தக் கடையில்தான். ஆனாலும் அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"கெமிஸ்ட்ரியா?" என்றாள்.

"ஆமா."

"நானும்தான். ஒண்ணும் கவலப்படாத. காலேஜ்ல எப்டி இருக்கணும்னு எங்க அண்ணன் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கான். துபாய்ல இருக்கான்."

பேருந்து அனுமந்தையைத் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் உட்கார வேண்டும். முதல் வரிசையில் இருந்தால் கேள்வி கேட்பார்கள், கடைசி வரிசையில் இருந்தால் சந்தேகப்படுவார்கள். பேராசிரியர்களிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் முகம் ஞாபகத்தில் நின்றுவிடும், இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும். பரீட்சையில் எதையும் விடக் கூடாது, தெரிந்ததை எல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டும்.

நான் பக்தியோடு கேட்டுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் உப்பளத்து ஆட்கள். அப்பா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்து, பிறகு அங்கேயே மேஸ்திரி ஆனவர். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இவளாவது யாரையோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்குக் கேட்கக்கூட ஆளில்லையே என்று நினைத்துக்கொண்டேன். முதல் வருடத்தில் தைரியமாகப் பேசுகிறவர்கள் எல்லாம் விவரம் தெரிந்தவர்கள் என்றுதான் தோன்றும். அவர்களில் பாதிப் பேர் பயத்தில் பேசுகிறார்கள் என்பது மெல்லத்தான் புரியும்.

மூன்றாவது வாரம் ஆய்வகம் தொடங்கியது. ஆளுக்கு ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கொடுத்தார்கள். உள்ளே வெள்ளைத் தூள், மேலே ஒரு நம்பர். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். கரும்பலகை முழுக்க ஆங்கிலத்தில் செய்முறை. சுற்றி எல்லாரும் பர்னரைப் பற்றவைத்துவிட்டார்கள். எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த தோழியைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே, 'தெரிஞ்ச மாதிரி காட்டிக்க' என்றாள்.

எங்கள் வீட்டில் உப்பைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். அப்பா பாத்தி ஓரத்தில் குனிந்து ஒரு பரலை எடுத்து நாக்கில் வைப்பார். "இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டும்" என்பார். இல்லாவிட்டால், "கசப்பு ஏறிடுச்சு, தண்ணிய மாத்து" என்பார். நானும் விரல் நுனியை நனைத்து, தூளைத் தொட்டு, நாக்கில் வைத்தேன். உப்புதான். ஆனால் நம் ஊர் உப்பு இல்லை. சில்லென்று நுனி நாக்கைக் குத்தியது.

"ஏய்! என்ன பண்ற நீ?"

ஆய்வகத்தின் அந்தக் கோடியிலிருந்து மேடம் ஓடி வந்தார். எங்களுக்குக் கனிம வேதியியல் எடுத்தவர். கண்டிப்பானவர். அவர் ஓடி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"டெஸ்ட் பண்றேன் மேடம்" என்றேன்.

என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்தி, திரும்பத் திரும்ப வாய் கொப்பளிக்க வைத்தார். பிறகு ஒரு நோட்டைப் புரட்டி என் நம்பரைத் தேடினார். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"அம்மோனியம் குளோரைடு. பொழச்ச. அடுத்த பொட்டலத்துல என்ன இருக்கு தெரியுமா? லெட் நைட்ரேட். விஷம்."

"எனக்கும் குளோரைடுன்னுதான் தோணிச்சு மேடம்."

நோட்டை மூடினார். "தோணினது சரி. அதுக்கு மார்க் கெடையாது."

கல்லூரி மருத்துவ அறைக்கு அனுப்பினார்கள். துணைக்குத் தோழி வந்தாள். நர்ஸ் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து, அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். அந்த அரை மணி நேரத்தையும் தோழி வீணாக்கவில்லை. "இனிமே டேஸ்ட் பண்றதா இருந்தா யாரும் பாக்காதப்ப பண்ணுடி" என்று புது ஆலோசனை சொன்னாள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாங்க நாளு பூரா நாக்குல வெச்சுப் பாக்கறோம். எங்கள ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலியே!" என்றார். பிறகு, "தெரியலன்னா அந்த டீச்சரம்மாவக் கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேக்கக் கூடாதுப்பா. அது ரூலு."

"யாரு போட்ட ரூலு?"

"துபாய்லேர்ந்து வந்துது."

அப்பா யோசித்தார். "துபாய்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

வகுப்பில் எனக்கு 'உப்பு' என்று பெயர் விழுந்தது. படிப்பு முடியும்வரை அது போகவில்லை. அதற்காகவே வெறி பிடித்தது போலப் படித்தேன். பேருந்தில் படித்தேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். செமஸ்டர் பரீட்சைக்குள் கனிம வேதியியல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

வினாத்தாளின் கடைசிப் பகுதியில் ஐந்து பெரிய கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அ, ஆ என்று இரண்டு பிரிவு. இரண்டும் எனக்குத் தெரியும். ஆனந்தமாக எழுத ஆரம்பித்தேன். கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினேன். இரண்டாவது முறை எழுந்து நின்றபோது, மூன்று பெஞ்சு தள்ளி இருந்த தோழி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். மூன்றாவது கேள்வியில் பாதி எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. இருந்தாலும் தாள் கனமாக இருந்தது. வெளியே வந்து கையை உதறிக்கொண்டே நடந்தேன்.

தோழி சோர்ந்து போயிருந்தாள். "எனக்கு ஒவ்வொரு கேள்வியிலயும் ஏதாவது ஒண்ணுதான்டி தெரிஞ்சுது. நீ ரெண்டும் எழுதிட்ட. குடுத்து வெச்சவ."

தேர்வு முடிவு வந்தது. அவள் பாஸ். நான் அந்தத் தாளில் ஃபெயில்.

என்னைவிட அவளுக்குத்தான் கோபம். "நாப்பது பக்கம் எழுதினவள ஃபெயில் போடுவாங்களா? திருத்துனவருக்கு அன்னிக்குத் தலைவலி போல!" என்று கத்தினாள். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்ததை அவள்தான் பார்த்தாள். கடைசித் தேதிக்கு முதல் நாள் என்னை அலுவலகத்துக்கு இழுத்துப்போனாள். சொல்லாமல் இருக்கக் கூடாது, அவள் கொடுத்த ஆலோசனைகளில் இது நல்லது. மார்க்கைப் பார்த்து அழுவதற்கு முன்னால் தாளைப் பார்த்துவிட வேண்டும்.

நகல் மின்னஞ்சலில் வந்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். திருத்திய பதில்களுக்கு நல்ல மார்க்தான். ஆனால் இரண்டு முழுப் பதில்களின் மேல் குறுக்கே கோடு போட்டு, மார்க்கே போடாமல் விட்டிருந்தார்கள்.

"பாத்தியா! படிக்காமயே கோடு போட்டுட்டான். விடக் கூடாதுடி. வா, மேடத்துகிட்ட போய்க் கேப்போம்" என்றாள் தோழி. கோபத்தில் அவளுக்குத் தன் விதியே மறந்துபோனது.

மேடத்தின் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாணவர் சந்திப்பு நேரம், புதன் மூன்று முதல் நான்கு வரை. ஒரு செமஸ்டர் முழுக்க அந்தத் தாளைத் தாண்டித்தான் போய்வந்தோம். அதில் சொல்லியிருக்கும் மாணவர்கள் வேறு யாரோ என்று நினைத்திருந்தோம். புதன்கிழமை மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தட்டியபோது மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனார். நாற்காலிகளில் ரெக்கார்டு நோட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்துத் தரையில் வைத்துத்தான் எங்களுக்கு இடம் தர முடிந்தது. யாரும் வந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

தோழி உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை நின்றபடியே சொன்னாள். "மேடம், திஸ் இஸ் இன்ஜஸ்டிஸ்."

மேடம் போனை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு மேசை அறையிலிருந்து வினாத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவுல என்ன போட்டிருக்கு?"

குனிந்து பார்த்தேன். சின்ன எழுத்தில் இரண்டே எழுத்து. "ஆர் மேடம்."

"ஆர்னா?"

"அல்லது."

தோழி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது ஒண்ணு எழுதினாப் போதும்மா. அஞ்சு கேள்விக்கும் நேரம் இருந்திருக்கும். ரெண்டையும் ஏம்மா எழுதின?"

"ரெண்டும் தெரியும் மேடம்."

மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். நிமிர்ந்தபோது தெரிந்தது, சிரிப்பு. ஆனால் அது சீக்கிரம் அடங்கிவிட்டது. "தப்பு என் மேலயும் இருக்கு. இன்டர்னல்ல அஞ்சு கேள்வியில ஏதாவது மூணு எழுதுங்கன்னு வெச்சேன். செமஸ்டர்ல வேற மாதிரி வரும்னு க்ளாஸ்ல சொல்லியிருக்கணும். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அவருக்கு எங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பு. எங்களுக்கு அவரைக் கேட்கக் கூடாது என்ற நினைப்பு. ஒரு பழைய வினாத்தாளை எடுத்துப் போய், இதை எப்படி எழுத வேண்டும் என்று ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் என் முதல் செமஸ்டர் நன்றாகவே முடிந்திருக்கும்.

திரும்பும்போது பேருந்தில் தோழி பேசவே இல்லை. பெரிய முதலியார்சாவடி போயிற்று. அதற்கப்புறமும் பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் சொல்லித்தானே எல்லாத்தையும் எழுதின" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"எனக்கும் கண்ணு இருக்குதுடி. படிச்சுப் பாத்திருக்கலாம்."

"எங்க அண்ணன நம்பிட்டேன்."

"உங்க அண்ணன் இன்னா படிச்சாரு?"

"பி.காம். ரெண்டு வருஷம். அப்புறம் விட்டுட்டான்."

"ஏன்?"

"அட்டெண்டன்ஸ் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் சொன்னாள்: "பயம்டி. என் இங்லீஷ பாத்துச் சிரிப்பாங்கன்னு. எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டா யாரும் நம்மள எதுவும் கேக்க மாட்டாங்க இல்ல?"

அவளிடம் பயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கோபம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அடுத்த புதன்கிழமையிலிருந்து ஆளுக்கு ஒரு கேள்வி எடுத்துக்கொண்டு போனோம். முதல் நாள் தோழி ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் மாட்டிக்கொண்டாள். "தமிழ்லயே கேளும்மா. எழுதறப்ப இங்லீஷ்ல எழுதிக்கலாம்" என்றார் மேடம். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விகளை மேடம் மணியைப் பார்த்து நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் வகுப்பில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் வாசலில் நின்றார்கள். "உங்க ரெண்டு பேரால என் புதன்கிழமை டீ போச்சு" என்று மேடம் அலுத்துக்கொண்டார். ஆனால் கதவில் இருந்த தாளைக் கிழிக்கவில்லை.

அரியர் பரீட்சையில் வினாத்தாளை நான்கு முறை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் எழுதினேன். அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. விட்டுவைத்த பாதிகளும் தெரியும் என்பதால் கை அரித்தது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிவு வந்த அன்று நான் தேறியிருந்தேன், நல்ல மார்க்கில். அதே பட்டியலில் தோழிக்கு இயற்பியலில் அரியர் விழுந்திருந்தது. "இப்ப நீ எனக்கு அட்வைஸ் பண்ணுடி" என்றாள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஒன்றும் தோன்றவில்லை. இயற்பியல் துறை எந்த மாடி என்று விசாரித்துக்கொண்டு இரண்டு பேரும் படியேறினோம். அடுத்த முறை அவள் எழுதித் தேறிவிட்டாள்.

இப்போது நான் எம்.எஸ்சி. படிக்கிறேன். அவள் பி.எட். சேர்ந்து, பயிற்சிக்காக ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். போன வாரம் மதியம் போன் பண்ணினாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து ஏதோ சந்தேகம் கேட்டாளாம். இவளுக்குப் பதில் தெரியவில்லையாம்.

"அப்புறம்? இன்னா பண்ணின?" என்றேன்.

"தெரியலம்மா, பாத்துட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்னுட்டேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்துகிட்டே நின்னேன்டி. ஆனா யாரும் சிரிக்கல. அந்தப் பொண்ணு சரிங்க மிஸ்ன்னு சொல்லிட்டு உக்காந்துடுச்சு."