மூன்றாவது அச்சு

பட்டறைக்கு வருகிறவர்கள் எத்தனை அடி நீளத்தில் டிரெய்லர் வேண்டும் என்று ஆரம்பிப்பார்கள். பட்டறையை நடத்தும் அவளோ எத்தனை டன் ஏற்றுவீர்கள் என்று கேட்பாள். அதனால் டன்னக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

வெல்டிங் கற்றது இருபத்திரண்டு வயதில். சொந்தப் பட்டறை போட்டது முப்பதில். முதன்முதலாகச் செய்து கொடுத்த டிரெய்லரில் சாலை உருளையை ஏற்றிப் போனபோது சரிவில் அச்சு வளைந்து, ஓட்டுநரின் கால் முறிந்தது. உருளையின் எடையை டிரெய்லர் வாங்கிய முதலாளி வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பித்தான் அந்த அச்சைப் போட்டிருந்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஓட்டுநர் ஊன்றுகோலை விடும்வரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்தாள்.

போன வருடம் அவளுடைய தம்பி மண் தோண்டும் இயந்திரம் ஒன்று வாங்கினான். அதை ஏற்றிப் போக டிரெய்லர் வேண்டும், ஐந்து டன் தாங்கும் அச்சு இரண்டு போதும் என்றான். இயந்திரம் எட்டு டன் என்று அதனோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம். டிரெய்லரின் சொந்த எடையை யார் சுமப்பது என்று கேட்டாள் அவள். இயந்திரத்தை எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கி வா என்றாள்.

"கூடப்பிறந்தவன் சொல்றேன், நம்ப மாட்டியா?"

"உன்னை நம்புறேன்டா. புத்தகத்தைத்தான் நம்பல."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் பேச்சில்லை. தம்பி மனைவி போனில் தூது வந்தாள். வேறு பட்டறையில் ஒரே வாரத்தில் செய்து தருகிறார்களாம், அண்ணி என்றாள். தாராளமாகச் செய்யட்டும் என்று டன்னக்கா சொல்லிவிட்டாள். ஆனால் அன்று அவள் போட்ட வெல்டிங் எல்லாம் கோணல்மாணலாகத்தான் வந்தது.

ஒரு காலையில் தம்பி வந்து, எங்கோ பார்த்தபடி சீட்டை மேசைமேல் வைத்தான். நிறைய டீசல், பாறை உடைக்கும் கருவி, மாற்று வாளி, சங்கிலியில் அப்பிய மண் எல்லாம் சேர்த்து ஒன்பதரை டன். டிரெய்லர் ஒரு இரண்டரை வரும்.

"பன்னெண்டு. ஆறு டன் அச்சு ரெண்டு போட்டா சரியா வருதுல்லக்கா?"

"நிக்கும்போது சரியா வரும். பள்ளத்துல இறங்குறப்ப பாரம் ஒரே அச்சு மேல சாயும். அஞ்சு டன்ல மூணு போடுவோம்."



இருபது நாளில் டிரெய்லர் தயாரானது. தம்பியே இயந்திரத்தை மெல்ல மேலே ஏற்றினான். அவள் தரையில் குந்தி, அச்சுகளின் மேல் பாரம் தாங்கும் வில்பட்டைகளைப் பார்த்தாள். இரண்டு விரல் அளவுதான் தாழ்ந்திருந்தன. அவன் இறங்கி வந்து, அவள் பக்கத்திலேயே குந்தி, தானும் விரல் வைத்து அளந்து பார்த்தான்.