நிற்கும் வண்டிக்கு முப்பத்தைந்து

டெஸ்மண்ட் ஆஸ்க்ராஃப்ட் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை மதியங்களில், மேஜைமேல் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடும் எங்கள் சங்கத்துக்கு வந்து பிளாஸ்டிக் வண்டி ஓட்டினார். இரண்டையும் ஒரே உம்மணாமூஞ்சியோடுதான் ஓட்டுகிறார் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. காரணம் தெரிந்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மெத்தடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கூடம், நான்கு மேஜை, ஒன்பது பேர். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இங்கே செயலாளர். அதாவது தேநீர் போடுவதும் நீல நோட்டில் எழுதுவதும் என் தலையில். விளையாட்டுக்கு அச்சடித்த விதிப்புத்தகம் ஒன்று உண்டு. அதில் எங்களுக்கு ஒத்துவராததை நாங்களே திருத்தி நீல நோட்டில் ஏற்றிக்கொள்வோம். ஜனவரி மாதம் முதல் சனிக்கிழமை, தேநீருக்குப் பிறகு, கை தூக்கி ஓட்டு. நோட்டில் ஏறிவிட்டால் அந்த வருடம் முழுக்க அதுதான் சட்டம்.

அந்த வருடத் தலைவலி, ஆள் ஏற்றும் வண்டி. ஆளுக்கு ஐந்நூறு புள்ளி கொடுப்போம், அதற்குள் படை சேர்க்க வேண்டும். பத்து வீரர்கள் உட்காரும் வண்டிக்கு வெறும் முப்பத்தைந்து புள்ளி. அது ஒரே சுற்றில் எதிரியின் மூக்குக்கு நேரே போய் நிற்கும், பத்துப் பேரை இறக்கும், அந்தச் சுற்றில் நகர மிச்சமிருக்கும் அங்குலங்களில் ஓடிப்போய் ஒரு நாற்சந்தியையும் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஆளுக்கு எட்டு வண்டி என்று வாங்கிக் குவித்தார்கள். மேஜையைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது.

டெஸ்மண்டிடம், எங்களுக்கு டெஸ், மூன்றே வண்டி. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பொடி எழுத்தில் ஒரு ரூட் நம்பர் எழுதியிருப்பார். நிறுத்தினால், பொம்மை வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துத் தரையில் ஊன்றி வைப்பார். கடைசியில் குனிந்து, "எறங்கியாச்சா?" என்று கேட்பார். யாரும் பதில் சொன்னதில்லை. அந்தச் சுற்றில் வண்டியைத் தொடவே மாட்டார். விதி அனுமதித்தாலும் மாட்டார். அதனால்தான் பதினோரு சனிக்கிழமையில் ஒன்பது முறை தோற்றார். ஓட்டத் தெரியாமல் அல்ல.

மனைவி மோரீன் இறந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் இதுதான். ஒருநாள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாரத்துல ஆறு நாள் டிவியோட பேசறேன் லொரேன். சனிக்கிழமதான் யாராவது திருப்பிப் பேசறாங்க."

ஜனவரி வந்தது. முதலில் எழுந்தவர் நெவில் ஹார்ட்ஷோர்ன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கட்டம் போட்ட தாளில் முப்பது ஆட்டங்களின் கணக்கைப் போட்டு வந்திருந்தார். வண்டியின் புள்ளியை ஐம்பதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அடுத்து டெஸ் எழுந்தார். அவர் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

"ஆள எறக்கின வண்டி அந்தச் சுத்துல நகரக்கூடாது. யாரோட வண்டியா இருந்தாலும் சரி."

"டெஸ், இது போருய்யா. ஒன் மார்க்கெட் ஸ்டாப்பு இல்ல" என்றார் நெவில்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"சிரிங்க, பரவால்ல. ஆனா எழுதுங்க."

"என்னத்த எழுதறது? நகராம நின்னா அடுத்த சுத்துல பீரங்கி தூக்கிரும். அப்புறம் எவன் வண்டி எடுப்பான்? எல்லாரும் பெட்டியிலயே பூட்டி வெச்சிருவாங்க. நானும் போட்டுப் பாத்துட்டேன், கணக்கு இடிக்குது."

"இடிச்சா இடிக்கட்டும் வாத்தியாரே."

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா? ஒனக்கு வேணும்னா ஒன் வண்டிய நிறுத்தி வெச்சுக்க. எங்களையும் ஏன் இழுக்கற?"

டெஸ் மேஜையில் கிடந்த அளவு நாடாவை எடுத்து இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். "என் வண்டிய நான் நிறுத்திக்கறேன். தோத்தாலும் கவலையில்ல. ஆனா எதிர்ல இருக்கறவங்க எறக்கிவிட்ட கையோட வண்டிய இழுக்கறாங்க பாருங்க, அத என்னால பாக்க முடியல. இது நோட்டுல ஏறலன்னா நான் இனிமே வரல."

இந்த மனிதனுக்கு இந்தக் கூடத்தை விட்டால் வேறு இடமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.  நெவில்தான் கேட்டார், இந்த முறை கிண்டல் இல்லாமல்: "என்னப்பா ஆச்சு ஒனக்கு?"

டெஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பதினாலு வருஷம் ஆச்சு. தரையெல்லாம் பனி உறைஞ்சு கெடந்த காலை. மார்க்கெட் ஸ்டாப்பு. மிஸஸ் பர்டின்னு ஒரு அம்மா, செவ்வாக்கெழம தவறாம சக்கரப் பையோட வருவாங்க. கண்ணாடில பாத்தேன், எறங்கிட்டாங்க. கதவ மூடி எடுத்தேன். அவங்க கோட்டு பெல்ட்டு கதவுல மாட்டியிருந்துச்சு. மூணடி. மூணே அடிதான் நகந்துச்சு, அவங்க கீழ விழுந்துட்டாங்க."

"இடுப்பா?" என்று கேட்டேன். நர்ஸ் புத்தி, வாய் முந்திக்கொண்டது.

"இடுப்புதான். பதினோரு வாரம் படுத்திருந்தாங்க. ஞாயித்துக்கெழமைல போய்ப் பாப்பேன். 'ஒன் மேல தப்பில்ல தம்பி'ம்பாங்க. விசாரணைலயும் அதத்தான் எழுதிக் குடுத்தாங்க. கதவ மூடுனது நான்தானே. கேட்டிருக்கலாம். எறங்கியாச்சான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கொஞ்சம் முன்னால் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. யாரோ கையை மெல்லத் தூக்கினார்கள். இன்னொரு கையும் எழுந்தது. டெஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது.

"எறக்குங்க கைய! பாவம் பாத்து ஓட்டுப் போடாதீங்க. விளையாட்டுக்கு வாத்தியார் சொல்றதுதான் சரி, அது எனக்கே தெரியும். ஐம்பதுன்னு எழுது லொரேன்." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு தன் மூன்று வண்டிகளையும் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். ஒரு வண்டி பெட்டியில் சரியாக உட்காரவில்லை. 

நெவில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் தாளையே உற்றுப் பார்த்தார். பென்சிலால் ஏதோ கிறுக்கினார். பிறகு வகுப்பறைக் குரலில் அதட்டினார்.

"உக்காருய்யா. கணக்கு இன்னும் முடியல. லொரேன், எழுதுங்க. வண்டி ரெண்டு வகை. ஆள எறக்கிட்டு அந்தச் சுத்து பூரா நிக்கற வண்டிக்குப் பழைய முப்பத்தஞ்சே போதும். எறக்கிட்டு ஓடற வண்டிக்கு அறுபது. எது வேணும்னு ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லிரணும்."

"அறுபதா? இப்பத்தான ஐம்பதுன்னீங்க?" என்றார் ஒருவர்.

"அது தோராயம். இது சரியான கணக்கு. அறுபது குடுத்து வாங்கறவன் முட்டாள். நான் நிக்கற வண்டிதான் எடுக்கப் போறேன். பாவம் பாத்து இல்ல டெஸ், அதுதான் லாபம்."

டெஸ் அவரை நம்பாமல் பார்த்தார். "நெசமாவா?"

"கணக்குல நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

அவர் சொல்லி முடிக்கும்போது நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தாளில் பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்த விடை தெளிவாகத் தெரிந்தது: ஓடும் வண்டிக்கு ஐம்பது. நாற்பது வருடம் பிள்ளைகளின் தப்புக் கணக்கைத் திருத்திய மனிதர் அவர். நான் நீல நோட்டைத் திறந்து, அறுபது என்று எழுதினேன். ஒன்பது கைகளும் எழுந்தன. டெஸ்ஸின் கை கடைசியாக எழுந்தது, கோட்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

அந்த வருடம் யாருமே ஓடும் வண்டி எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டெஸ்ஸுக்கு எதிரே நெவில். டெஸ் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். வீரர்களை ஒவ்வொருவராகத் தரையில் ஊன்றினார். பழக்க தோஷம், குனிந்து கேட்டார்: "எறங்கியாச்சா?"

நெவிலின் பீரங்கி அந்த வண்டியைத்தான் குறி வைத்திருந்தது. அவர் பகடையைக் கீழே வைத்தார். முழங்கால் வலியோடு மேஜை மட்டத்துக்குக் குனிந்து, விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினார். ஒரு முறை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

"பத்துப் பேரும் எறங்கியாச்சு டெஸ்."

 டெஸ் தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் நெவில் பகடையை உருட்டினார். ஆறு விழுந்தது, வண்டி தகர்ந்ததாகக் கணக்கு. டெஸ் தன் வண்டியை எடுத்து, உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

"காலி வண்டிதான்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.