சிங்க ஊர், பால ஊர், மணிக்கூண்டு ஊர்

என் மாமனார் குழாய் வேலை செய்தவர். ஒரு வீட்டுச் சுவரில் ஈரம் தெரிந்தால் எடுத்த எடுப்பில் அந்த இடத்தைக் கொத்த மாட்டார். சுவரில் காதை வைத்துக்கொண்டு அறை அறையாக நடப்பார். "ஈரம் ஒரு இடத்துல இருக்கும், ஓட்டை வேற இடத்துல இருக்கும்" என்பார். அன்றைக்கு அவர் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அவ்வளவு அழுத்தமான மனிதர். கல்யாணத்துக்கு முன்னால் நான் முதல்முறை வீட்டுக்குப் போனபோது "வாங்க மாப்பிள்ளை" என்றவர், அடுத்து வாயைத் திறந்தது "போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லத்தான்.

வயதான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். பின்பக்க அறை அவருடையது. கட்டிலுக்கு அடியில் ஸ்பானர் பெட்டி, தலைமாட்டில் ஒரு போட்டோ ஆல்பம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு குழாய் சொட்ட முடியாது, எழுந்து வந்துவிடுவார்.

ஆல்பத்தில் இருப்பவர் அவர் மனைவி. நான் பார்த்திராத மாமியார். என் மனைவிக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே போய்விட்டார். எல்லாமே வெளியூரில் எடுத்த படங்கள், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் இரவல் வாங்கிய கேமராவில் மாமா எடுத்தவை. ஒன்றில் கல் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். இன்னொன்றில் இரும்புப் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்திருக்கிறார். மற்றொன்றில் அவருக்குப் பின்னால் ஒரு மணிக்கூண்டு. எல்லாவற்றிலும் வாரிய தலை, சிரித்த முகம், இடது முழங்கையில் மாட்டிய பழுப்பு நிறக் கைப்பை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படத்தில்கூட அந்தப் பையை அவர் இறக்கி வைக்கவில்லை.

அது எந்தெந்த ஊர் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டால், அவர் பதில் சொல்கிற ரகமா? அவர்களே சிங்க ஊர், பால ஊர், மணிக்கூண்டு ஊர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் அடிக்கடி டூர் போவார்கள். என் மனைவியையும் அவள் தம்பியையும் அத்தை வீட்டில் விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு சிவப்புப் பென்சில் கிடைக்கும். 'எந்த ஊருக்குப் போனாலும் இதே பென்சில்தானா?' என்று என் மைத்துனன் அப்போதே சண்டை பிடித்தானாம்.

என் மனைவிக்கு அந்த ஆல்பத்தைக் கண்டாலே ஆகாது.

"எனக்குச் சின்னம்மை போட்டிருந்தப்பகூட விட்டுட்டுப் போனாங்க. உடம்பெல்லாம் கொப்புளம். அத்தைதான் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இவங்க அங்க சிங்கத்துகிட்ட நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

அதுகூடப் பரவாயில்லை. கடைசி டூரிலிருந்து திரும்பிய அம்மா படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. போன இடத்தில் ஏதோ விஷக்காய்ச்சல் ஒட்டிக்கொண்டது என்று அப்பா சொன்னார். "ஊர் சுத்த இழுத்துட்டுப் போய் அம்மாவைத் தொலைச்சுட்டாரு" என்று என் மனைவி முப்பது வருடமாகச் சொல்லி வருகிறாள். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வைப்பாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், துணியை மடித்து வைப்பாள். முகம் கொடுத்து மட்டும் பேச மாட்டாள். அவரும் காதில் விழாதது போல இருப்பார். சில நாள் எனக்கே எரிச்சலாக வரும். இப்படியும் ஒரு கல்லுளிமங்கன் உண்டா, ஒரு வார்த்தை மறுத்துப் பேசினால்தான் என்ன?

போன வருடம் மாமாவுக்குச் சாப்பாடு விழுங்குவது சிரமமாயிற்று. எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, தலைநகரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சீக்கிரம் போனால் சரிசெய்துவிடலாம், தள்ளிப்போட்டால் பிறகு யார் கையிலும் இல்லை என்றார். மாமா முடியாது என்றுவிட்டார்.

"வேற எங்க வேணா கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. அங்க மட்டும் வேண்டாம்."

"அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராச் சுத்தத் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குன்னா மட்டும் கால் வரலையாமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவர் ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்கினார். அப்படி விழுங்குவதும் அவருக்கு வலித்தது.

ஆள் வராவிட்டாலும் ரிப்போர்ட்டையாவது காட்டிவிட்டு வரலாம் என்று லீவு போட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். புற்றுநோய்க்கென்றே இருக்கும் பழைய ஆஸ்பத்திரி அது. வாசலில் இறங்கினால் எதிரே ஒரு சின்னப் பூங்கா. பூங்காவின் முன்னால் ஒரு கல் சிங்கம், ஒரு காது உடைந்தது. ஆல்பத்திலும் சிங்கத்துக்கு அதே காதுதான் உடைந்திருக்கும். என் டோக்கனைக் கூப்பிட நேரமிருந்ததால் கொஞ்சம் நடந்தேன். பூங்காவுக்குப் பின்னால் கால்வாய், அதன்மேல் இரும்புப் பாலம். பாலத்தில் நின்று பார்த்தால் மணிக்கூண்டு. ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிய பெட்டிக்கடையில் சோப்பு, சீப்பு, பால் பாட்டிலோடு சிவப்புப் பென்சிலும் இருந்தது. மூன்று ஊரும் ஒரே ஊர்தான். அவர்கள் ஒரு நாளும் டூர் போகவில்லை.

வீடு திரும்பியதும் நேரே பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"மாமா, சிங்கத்தைப் பார்த்தேன்."

அவர் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பாவும் பார்த்தாளா?" என்றார். நாற்பது வயது தாண்டிய என் மனைவிதான் அவருக்குப் பாப்பா.

"இல்ல. நான் மட்டும்தான் போனேன்."

மூச்சு விட்டார். பிறகு, நான் கேட்டே இராத அளவுக்குப் பேசினார்.

"அவ அம்மாவோட யோசனை அது. பசங்க பள்ளிக்கூடத்துல, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லக் கூடாது, டூர் போயிருக்காங்கன்னு சொல்லணும்னு சொன்னா. ஊசி போட்டு வெளிய வந்ததும் தலைய வாரிக்குவா. 'சிரிக்கிறப்பவே எடுத்துடுங்க'ன்னுவா. கையில பஞ்சு ஒட்டியிருக்கும். அதை மறைக்கத்தான் அந்தப் பை. பாப்பாவுக்குச் சின்னம்மைன்னு தெரிஞ்சதும் அப்படி அழுதா. ஆனா அவ உடம்பு இருந்த நிலைமைக்குப் பிள்ளை பக்கத்துலயே போகக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"அவங்க போனப்புறமாவது சொல்லியிருக்கலாமே மாமா. இவ உங்களை இந்தப் பேச்சு பேசியிருக்க மாட்டாளே."

"அவகிட்ட மிச்சம் இருக்கிறது சிரிச்ச அம்மா. அதைப் பிடுங்கிட்டு நான் நல்ல பேர் வாங்கணுமா?"

கடைசியில் பேரம் பேசி முடித்தோம். நான் வாயைத் திறக்கக் கூடாது, என் மனைவி கூட வரக் கூடாது. அதற்குச் சம்மதமென்றால் அவர் வருவார்.

என் மனைவியைப் பற்றித் தெரிந்தும் அப்படி ஒரு திட்டம் போட்டோம். கிளம்பும் காலையில் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "பேசலைன்னா அவர் எனக்கு அப்பா இல்லைன்னு ஆயிடுமா? நடங்க" என்றாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டோக்கன், ரிப்போர்ட், வரிசை என்று பறந்து, எதையும் பார்க்க விடாமல் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டேன். மாமாவை ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவருக்குக் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று அவள் எழுந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வெகுநேரமாகியும் திரும்பவில்லை. மடக்கிய கையோடு மாமா வெளியே வந்தார். இருவருமாகத் தேடிப் போனோம். சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கை அதன் உடைந்த காதில் இருந்தது. மறு கையில் சிவப்புப் பென்சில்.

திரும்பியவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மடக்கிய கையைத்தான் பார்த்தாள். மெல்ல அதைப் பிடித்து நீட்டினாள். முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.

"அதுக்குத்தான் அந்தப் பையா?"

அவர் தலையாட்டினார்.

"எல்லா ஊரும் இதானாப்பா?"

"ஆமா பாப்பா."

"அம்மாவுக்குப் பயமா இருந்துச்சா?"

"ரொம்ப. போட்டோ எடுக்கும்போது மட்டும் பயப்பட மாட்டா."

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வெறுமனே அழுதாள். மாமாவுக்கு அவளை அணைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஒழுகும் குழாயைத் தொட்டுப் பார்ப்பது போல அவள் தோளைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். நான் மணிக்கூண்டைப் பார்ப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டவள், என்னிடம் போனை எடுக்கச் சொன்னாள்.

"தாத்தா எங்க போறாருன்னு பெரியவன் காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கான். படம் எடுத்து அனுப்பணும்."

"என்னன்னு சொல்லுவே?" என்றார் மாமா.

தன் கைப்பையைக் கழற்றி அவர் இடது முழங்கையில் மாட்டினாள். பஞ்சு மறைகிற மாதிரி இழுத்துவிட்டாள். பைக்குள்ளிருந்து சீப்பை எடுத்து அவர் தலையை வாரினாள். பிறகு அவருக்கும் சிங்கத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"டூர் வந்திருக்கோம்னு சொல்லிக்கலாம். சிரிங்கப்பா."

மாமா சிரித்தார். சிரிக்கிறபோதே எடுத்துவிட்டேன்.