கண்ட்ரோல் பாத்தி

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசியில் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். எனக்கு மட்டும் கவலை பிடித்துக்கொள்ளும். ஆட்டோக்காரர்கள், லாட்ஜ்காரர்கள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் என்று ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிற நேரத்தில், நான் ஒருத்தி மழை நின்று தொலையாதா என்று ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பேன். வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

என் உயிர் அப்போது பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தக்காளி வயலில் இருந்தது. செடியின் வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தில் சில, வேருக்கு மண்ணிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கும். சில, நோய்க் கிருமியை அண்டவிடாமல் காவல் நிற்கும். குற்றாலம் போகிற வழியில் ஒரு தோப்போரம் சுண்டைச் செடிகள் தானாக முளைத்துக் கிடந்தன. பக்கத்திலிருந்த கத்தரியும் தக்காளியும் வாடல் நோயில் மடிந்துபோன பிறகும் அவை அசையாமல் நின்றன. அவற்றின் வேரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, தொட்டியில் வைத்த தக்காளிக்குக் கொடுத்துப் பார்த்தேன். செடி பிழைத்தது. தொட்டியில் பிழைப்பது பெரிய காரியமில்லை. வயலில் பிழைத்துக் காட்ட வேண்டும்.

வயல் கொடுத்தவர் ஒரு அக்கா. கணவர் வளைகுடாவில் வேலை செய்ய, விவசாயம் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. முந்தின முறை வாடல் நோய் அவருடைய தக்காளியில் பாதிக்குமேல் தின்றுவிட்டது. சாயங்காலம் வரை பச்சைப்பசேல் என்று நிற்கும் செடி, மறுநாள் காலையில் துவண்டு கிடக்கும். அப்படி ஒரு நோய் அது.

"நீங்க சொல்லுதத செஞ்சு பாப்போம் மேடம். இந்தத் தடவையும் போச்சின்னா வயல விட்டுட்டுப் பேசாம வீட்ல இருந்துக்கிட வேண்டியதுதான்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சில பாத்திகளை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அந்தப் பக்கம் முழுவதும் அவர் பிழைப்புக்கான தக்காளி. என் பாத்திகளில் பாதிக்கு, நாற்றின் வேரை பாக்டீரியாக் கரைசலில் நனைத்து நட்டோம். மீதிப் பாதியை எதிலும் நனைக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே நட்டோம். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் கண்ட்ரோல். நான் வாய் ஓயாமல் கண்ட்ரோல், கண்ட்ரோல் என்பேன். அக்கா நனைத்ததை மருந்துப் பாத்தி என்பார். நனைக்காததைச் சும்மா பாத்தி என்பார். அவர் சொல்வது எனக்குப் புரிந்தது. நான் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

இதில் வெளியே சொல்ல முடியாத ஒரு சங்கடம் உண்டு. நோயே வராவிட்டால் என் பாக்டீரியா காப்பாற்றியது என்று எதை வைத்துச் சொல்வது? சும்மா பாத்தி வாட வேண்டும், மருந்துப் பாத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் நான் செய்தது ஆராய்ச்சி. ஆனால் வாடல் நோய் பாத்திக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிற நோயில்லை. ஈரத்தில் ஊறி, பாய்கிற தண்ணீரோடு போய், அடுத்த வேரில் ஏறிக்கொள்ளும். வரவும் வேண்டும், வாய்க்காலைத் தாண்டவும் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமிக்கும் இது புரிந்திருக்காது.

சாரல் விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நான் குற்றாலத்தில் இருந்தேன். சுண்டை வேர் இன்னும் கொஞ்சம் எடுக்கப் போயிருந்தேன். கையெல்லாம் சேறு. போன் அடித்தது. அக்காதான்.

"மேடம், வாட்டம் வந்துட்டு."

சேற்றுக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். "எங்கக்கா? எந்தப் பாத்தியில?"

ரோட்டில் சுற்றுலா வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "கண்ட்ரோல்லதான் இருக்கு மேடம். நீங்க பதறாதீய."

பதறுவதா! எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் காத்திருந்ததே இந்த ஒரு வார்த்தைக்குத்தானே. "நல்லதுக்கா, ரொம்ப நல்லது" என்றேன். "ஒண்ணையும் பிடுங்கிராதீங்க. அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வந்து நான் பாத்துக்கிடுதேன்." வாடிய செடிகளைப் பிடுங்கிவிட்டால் எதை எண்ணுவது, எதைப் படம் எடுப்பது?

என் பேராசிரியருக்கு உடனே செய்தி அனுப்பினேன்: கண்ட்ரோலில் வாடல் தொடங்கிவிட்டது. கட்டை விரலை உயர்த்திப் பதில் அனுப்பினார். அன்று கொண்டாட்டமாக, இந்தப் பக்கம் பேர்போன பார்டர் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன். பாதியில் ஒரு நெருடல் வந்தது. சும்மா பாத்தி என்றே சொல்கிற அக்கா, இன்று ஏன் கண்ட்ரோல் என்றார்? பதறாதீய என்று எதற்குச் சொன்னார்? திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. மழைக்குக் கரண்ட் போயிருக்கும், சார்ஜ் இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மீதிப் பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. வயலுக்கு ஏறக்குறைய ஓடினேன்.

சும்மா பாத்திகள் கொழுகொழுவென்று நின்றன. மருந்துப் பாத்திகள்தான் துவண்டு கிடந்தன. என் பாக்டீரியாவில் வேரை நனைத்து, என் கையால் நட்ட செடிகள். ஒரு தண்டை அறுத்து, அக்கா கொண்டுவந்த கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பிடித்தேன். அறுத்த இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஒரு இழை இறங்கியது. இறங்குவது கிருமிக் கூட்டம். சந்தேகமே இல்லை, அதே வாடல் நோய்தான்.

"கண்ட்ரோல்ல இருக்குன்னு சொன்னீங்களேக்கா?" என்றேன்.

"ஆமா மேடம். ரெண்டு மூணு செடிதான நேத்து வாடுச்சி. அடக்கிரலாம், நம்ம கண்ட்ரோல்லதான இருக்குன்னு சொன்னேன். நீங்க பயந்துருவீயளேன்னுதான்." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். "நீங்களும் நல்லது, ரொம்ப நல்லதுன்னு சொன்னீய. பிடுங்காதன்னும் சொன்னீய. படிச்சவங்க சந்தோசமாச் சொல்லுதாங்க, அப்ப இது இப்படித்தான் ஆவும்போலன்னு இருந்துட்டேன். ராத்திரி பூரா மழ."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அவர் அழவில்லை. அதனால் எனக்கும் முடியவில்லை.

வரப்பில் ஒரு வாளியும் பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டும் இருந்தன. வாடல் வந்த இடத்தில் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பவுடரைக் கரைத்துக் குழியில் ஊற்றுவார்கள். கிருமி பரவுவது கொஞ்சம் மட்டுப்படும். நேற்றுக் காலையில் எனக்குப் போன் செய்யும் முன்பே வாங்கி வைத்துவிட்டாராம். பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

இருவரும் குனிந்து பிடுங்கினோம். சாக்கு நிறைந்தது. நான் ஒன்றையும் எண்ணவில்லை, படமும் எடுக்கவில்லை. அக்கா வாளியில் பவுடரைக் கரைத்தார். நெடி மூக்கில் ஏறியது. குவளையில் மொண்டவர், ஊற்றாமல் அப்படியே நின்றார்.

"இத ஊத்துனா உங்க உயிரும் சேந்து செத்துருமே மேடம்? அந்த நல்ல பூச்சி."

"செத்துரும்க்கா."

"அப்ப ஊத்தட்டுமா?"

தன் வயலைக் காப்பாற்ற அவர் என்னிடம் உத்தரவு கேட்டு நின்றார். குவளையை வாங்கி நானே ஊற்றினேன். அடுத்த குழிக்கு நகரும்போது தலை நிமிர்ந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அவருடைய தக்காளியில் முதல் வரிசையில், வெயிலே இல்லாத அந்தக் காலையில் ஒரு செடி தலை தொங்கி நின்றது. அக்கா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன். "அங்கன ஒண்ணு வாடிட்டு."