நான் கொடுத்த ஒரு முழக் காணி

சீமையில், நோர்பரி என்ற ஊரில் எங்கள் அடுப்படி யன்னலைத் திறந்தால் ரயில் மேடை தெரியும். நான் பிடிக்க வேண்டிய ரயில் வந்து நிற்பதும் தெரியும். ஆனால் அதில் ஏறுவதற்கு முன்தெருவால் இறங்கி, பிரதான வீதியைச் சுற்றி, பாலத்துக்குக் கீழால் மூச்சு வாங்க ஓட வேண்டும். ஸ்டேஷனைக் கட்டினவனுக்கும் வீடுகளைக் கட்டினவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாக்கும்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பிந்திப் பிந்திப் போய், இனி ஒருதரம் பிந்தினால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. என் மனுசன் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார். அதாவது, தேத்தண்ணி குடித்தபடி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நகரசபைக் கவுன்சிலுக்கு ஞானம் பிறந்தது. எங்கள் வரிசை வீடுகளின் பின்வளவுகளில் ஆளுக்கொரு முழம் எடுத்து, நேரே மேடைக்கு ஒரு நடைபாதை போடப் போகிறார்களாம். படமும் வந்தது. படத்தில் மரம், பூச்சாடி, நாயோடு ஒரு வெள்ளைக்காரி, எல்லோருக்கும் சிரித்த முகம். அரிசி மூட்டை சுமக்கிறவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பாதையைக் கண்டதும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அயலட்டை எல்லாம் சம்மதித்துவிட்டது. மிச்சம் எங்கள் வீடு மட்டும்தான்.

"ஒரு முழமோ? ஒரு விரற்கடையும் விடமாட்டன்!" என்றார் மனுசன். யாழ்ப்பாணத்தான் உயிரை விட்டாலும் வேலியை விடுவானா? ஊரில் வேலிக்கு நட்ட கதியால் தடியை ஒரு சாண் நகர்த்தினதற்காக ஒன்றுவிட்ட தம்பியோடு கோடு ஏறி வழக்காடினவர். இங்கே எதிராளி கிடைக்காமல் கை துருதுருத்துக்கொண்டிருந்தவரிடம் கவுன்சிலே வந்து மாட்டியது.

"இஞ்சாருங்கோ, அந்த மூலையில கல்லும் முள்ளுப்பத்தையும்தானே கிடக்கு? என்ர வேலை போகப்போகுதப்பா!"

"நீர் சும்மா இரும். உமக்குக் காணி விசயம் விளங்காது."

தேவாலய மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மனுசன் கோட்டும் டையுமாக எழும்பினார். ஆங்கிலத்தில் தொடங்கினார், கோபம் ஏற ஏறத் தமிழ் வந்துவிட்டது. ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனபடியால் கை தட்டினார்கள். கவுன்சிலில் இருந்து வந்த அதிகாரி, மீசை முளைத்தும் முளைக்காத பெடியன், பொறுமையாகக் கேட்டான்: "வீட்டுச் சொந்தக்காரர் நீங்கள்தானே?"

மனுசன் திரும்பி என்னைப் பார்த்தார். என் சீதன நகையை விற்று இந்த வீட்டை வாங்கினபோது, "எங்கட முறைப்படி வீடு பொம்பிளையின்ர பேரிலதான் இருக்கோணும்" என்று என் ஒருத்தியின் பெயரில் எழுதுவித்தவர் அவர்தான். வந்து போன சனத்துக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டவர்.

நான் எழும்பினேன். "வீடு என்னுடையது. பாதையைப் போடுங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. அந்த ஒரு கிழமையும் வீட்டில் நல்ல நிம்மதி. பாதை போட்டு முடியும்வரை இருட்டோடு எழும்பி ஓடி ஓடியே வேலையைக் காப்பாற்றினேன்.

பாதை திறந்த முதல்நாள் காலை, ஆறுதலாக நடந்து போய் மேடையில் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தேன். இத்தனை வருசத்தில் அந்த வாங்கில் நான் இருந்ததே இல்லை. சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு திரும்பிப் பார்த்தால், எங்கள் பின்வளவில் மனுசன் குந்தியிருக்கிறார். கவுன்சில் போட்ட புது வேலியின் கட்டையை ஆட்டி ஆட்டி, பாதைப் பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளுகிறார்.

மேடையில் நின்ற வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்க்க, நான் எழும்பி நின்று கத்தினேன்:

"இஞ்சாருங்கோ! அது நான் குடுத்த காணி! கையை எடுங்கோ!"

எடுத்தார். ரயில் வந்தது. நான் நடந்தே போய் ஏறினேன்.